ஏழாம் எண் மிதவை பொன்னேரிக்குப் போன கதை

வியாழன் கோளில் எனக்குப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உண்டு. படகில் ஏறிய அனுபவம்தான் இல்லை.

ஜெர்மனியில் ஒரு சிறிய பல்கலைக்கழக ஊர். அங்கே மூன்றாம் மாடியில் என் அறை. வியாழனின் மேகங்கள் ஏன் பட்டை பட்டையாக ஓடுகின்றன, அவற்றின் ஓரங்களில் சுழல்கள் எப்படிப் பிறந்து எப்படி ஒன்றையொன்று விழுங்குகின்றன என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. காற்று என்பது எனக்குத் திரையில் நிறம் மாறும் ஒரு படம். நிஜக் காற்று வந்தால் மேசையில் தாள்கள் பறக்கும் என்று ஜன்னலை மூடி வைத்திருப்பவள் நான்.

அப்படிப்பட்டவளைப் பழவேற்காடு ஏரிக்கு அனுப்பிவிட்டார்கள். போக வேண்டியவர் எங்கள் குழுவில் கருவிகள் செய்பவர். அவர் பனிச்சறுக்கில் மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். "உனக்குத்தான் அந்த ஊர் மொழி தெரியுமே" என்றார் பேராசிரியர். நான் கோயம்புத்தூர்க்காரி. தெரியும் என்று சொல்லிவிட்டேன். அது பாதி உண்மைதான் என்று இறங்கிய அரை மணி நேரத்தில் புரிந்தது.

வியாழனுக்கும் பழவேற்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று போகிற இடமெல்லாம் கேட்டார்கள். சம்பந்தம் தோசைதான். ஏரி கிலோமீட்டர் கணக்கில் அகலம், ஆழமோ பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. கோளின் வளிமண்டலமும் அப்படித்தான், பரப்பு பெரிது, கனம் சொற்பம். அண்டாவில் சாம்பாரைக் கலக்கினால் பெரிய சுழல் உடைந்து சின்னச் சின்னதாகி அடங்கிவிடும். தோசை மாதிரி மெல்லிசாகப் பரந்து கிடக்கும் நீரிலோ காற்றிலோ கதை தலைகீழ். சின்னச் சுழல்கள் சேர்ந்து பெரிய சுழலாகும். வியாழனுக்குப் போய்ப் பார்க்க முடியாது. ஏரியில் மிதவைகளை விட்டுப் பார்க்கலாம்.

மிதவைகள் மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் சின்னப் பூசணிக்காய் அளவு, ஆரஞ்சு நிறம். உள்ளே ஜி.பி.எஸ் கருவியும் சிம் அட்டையும். கீழே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு துணிப் பாய்கள் தண்ணீருக்குள் தொங்கும். காற்று தள்ளுகிற பக்கம் ஓடாமல் தண்ணீர் போகிற பக்கம் போவதற்காக. எந்த மிதவை எங்கே இருக்கிறது என்பது நிமிடத்துக்கு ஒரு தரம் என் கைபேசியில் புள்ளியாக வரும்.

முதல் நாளே அசடு வழிந்தேன். பழவேற்காட்டுக்குப் பொன்னேரி நிலையத்தில் இறங்க வேண்டும். சென்னைப் புறநகர் ரயிலில் இரண்டு பெட்டிகளைக் கால் நடுவில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன். எதிரே இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசுவது அரைத் தூக்கத்தில் கேட்டது. கோயம்புத்தூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதால் எனக்குப் புரியும். "பாவம், பொன்னேரி என்று சொல்லிவிட்டு ஏறினாள். எழுப்பலாமா?" என்றாள் ஒருத்தி. "படித்தவள் மாதிரி இருக்கிறாள், தானாக எழுந்துகொள்வாள்" என்றாள் மற்றவள். பதறி எழுந்து, நின்ற ரயிலிலிருந்து பெட்டிகளோடு குதித்தேன். ரயில் கிளம்பிய பிறகு பலகையைப் பார்த்தால் அனுப்பம்பட்டு. பொன்னேரி அடுத்த நிலையம். ஜன்னலிலிருந்து இருவரும் எனக்குக் கையாட்டிக்கொண்டே போனார்கள்.

ஜெர்மன் ரயில்கள் நேரம் தவறாதவை என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. அடுத்த ரயில் சீக்கிரமே வந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பழவேற்காட்டில் எனக்குப் படகு ஓட்ட ஒப்புக்கொண்டவர் ஏழுமலை. நாற்பது வயது, பைபர் படகு, எதைக் கேட்டாலும் முதலில் சிரிப்பு. அவர் வீட்டில் மடவை மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். பன்னிரண்டு ஆண்டாக ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் பழகிய நாக்கு முதல் வாயில் அதிர்ந்து, மூன்றாவது வாயில் மன்னித்து, அதன் பிறகு என்னைக் கேட்காமலே சாப்பிட ஆரம்பித்தது.

"மேடம், அந்த வியாயன்ல மீனு கீதா?" என்று கேட்டார் ஏழுமலை.

"அங்க தரையே இல்லீங்க. மேகத்துக்குக் கீழ மேகம், அதுக்குக் கீழ இன்னும் காத்து."

"தரையே இல்லாத எடத்துல நங்கூரம் எங்க போடுவாங்கோ?"

பன்னிரண்டு ஆண்டில் எந்தக் கருத்தரங்கிலும் யாரும் கேட்காத கேள்வி. இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை முகத்துவாரத்துக்கு அருகே மிதவைகளை இறக்கினோம். ஏரி கடலைத் தொடும் இடம் அது. தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம். அதை வத்தம் என்றார் ஏழுமலை. எனக்கு நீச்சல் தெரியாது. மார்பில் ஒரு காப்புச் சட்டை, அதற்கு மேல் இன்னொரு காப்புச் சட்டை என்று உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், இங்க வுழுந்தா எந்திரிச்சி நின்னா போதும், ஒண்ணியும் ஆவாது" என்றார் ஏழுமலை.

எட்டு மணிக்கெல்லாம் பதினொரு புள்ளிகள் ஒழுங்காகக் கடல் பக்கம் நகர்ந்தன. சில வளைந்தன, சில சுற்றின. ஏழாம் எண் மட்டும் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் அலைந்தது, காற்றோடு ஓடியது, நின்றது. பிறகு திரும்பி, ஓடும் தண்ணீருக்கு நேர் எதிராக மேற்கே போக ஆரம்பித்தது. நிதானமாக, விடாமல், மூன்று மணி நேரம்.

படத்தை இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்த்தேன். இதற்கு எங்கள் துறையில் ஒரு பெயர் உண்டு. பாகு எப்படி ஓட்டத்தை இழுத்துப் பிடிக்குமோ அப்படி எல்லா நீருக்கும் காற்றுக்கும் ஓர் இழுப்பு இருக்கிறது, பாகுத்தன்மை என்பார்கள். வியாழனில் சில இடங்களில் சின்னச் சுழல்கள் ஓட்டத்தைத் தடுக்காமல் தள்ளிவிடுகின்றன. இழுப்பு செலவாக இல்லாமல் வரவாகிவிடும். எதிர்மறைப் பாகுத்தன்மை. அதை ஓர் ஏரியில், வெறும் கண்ணால் பார்க்கிற அளவில் யாராவது பிடித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் மற்ற பதினொன்றும் கடலுக்குள் போய்விடாமல் பொறுக்க வேண்டியிருந்தது. அதை முடித்துத் திரும்பும்போது ஏழாம் எண்ணின் புள்ளியே அணைந்திருந்தது. படகிலிருந்தபடியே பேராசிரியருக்குப் படத்தை அனுப்பினேன். "இது மட்டும் உண்மையானால்" என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் ஆறு ஆச்சரியக்குறி போட்டிருந்தேன். என் வயதுக்கு அது அதிகம்.

மூன்றாம் நாள் காலை இட்லியும் வடகறியும் சாப்பிட்டுக்கொண்டே கைபேசியைப் பார்த்தேன். ஏழாம் எண் மறுபடி உயிர் பெற்றிருந்தது. மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகம். ஏரியில் இல்லை. பொன்னேரிக்குப் போகிற திருப்பாலைவனம் சாலையில்.

"ஏழுமலை அண்ணா, மிதவை ரோட்டுல போகுதுங்க!"

அவர் எட்டிப் பார்த்தார். "அது பஸ்ஸு மேடம். பாருங்கோ, ஸ்டாப்பிங்ல நின்னு நின்னு போவுது."

வழியில் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறினேன். முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர், என் மடியில் யாருடையதோ நண்டுக் கூடை. "முன்னால போற பஸ்ஸப் பிடிக்கணுமுங்க" என்றேன். "இன்னா மேடம், சங்கிலி பறிப்பா?" என்று ஓட்டுநர் உற்சாகமாகிவிட்டார். விளக்கிச் சொல்வதற்குள் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, நண்டு ஒன்று கூடையிலிருந்து கையை நீட்டி என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது. பொன்னேரி வரைக்கும் விடவில்லை.

அந்த நெரிசலில்தான் பேராசிரியரின் பதில் வந்தது. ஜெர்மனியில் இன்னும் விடிந்திருக்காது, ஆனாலும் தரையில் போவதை அவரும் பார்த்துவிட்டார். "யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். சாலைப் பகுதியை வெட்டிவிடு. தண்ணீரில் போன பகுதி அபாரம். நாளை குழுக் கூட்டத்தில் முதல் படமே இதுதான்." அந்தக் குழு என்பது எங்கள் திட்டத்தை இன்னும் இரண்டு ஆண்டுக்கு நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது. நீட்டினால் எனக்கு வேலை இருக்கும். வாசித்ததும் மகிழ்ச்சிதான் வந்தது. மறைப்பதற்கு இல்லை.

ஆட்டோ ஆளிறக்கி ஆளேற்றிப் போய்ச் சேர்வதற்குள், புள்ளி பொன்னேரியில் ஒரு கடை மாடியில் நின்று வெகு நேரமாகியிருந்தது. படியேறிப் போனால் பல் மருத்துவர் அறை. வெளியே பெஞ்சில் ஐந்து பேர் ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுக்கு அடியில் ஒரு பனையோலைக் கூடை. அதிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் என் மிதவை எட்டிப் பார்த்தது.

கூடைக்குச் சொந்தக்காரி ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. பல் பிடுங்கி, வாயில் பஞ்சு வைத்து, கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இது உங்களோடதுங்களா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். யோசித்தார். ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு விரலை என் பக்கம் நீட்டி, உன்னுடையதா என்று புருவத்தால் கேட்டார்.

"எங்களோடதுதானுங்க. நீங்க ஏன் எடுத்தீங்க?"

பேச முடியாததால் நடித்துக் காட்டினார். குனிந்து இரண்டு கையாலும் தரையைத் துழாவினார், இறால் தடவுகிறாராம். கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக் காட்டினார். பல்லைத் தொட்டு விரலை ஆட்டினார், பல் ஆடுகிறது. டாக்டர் அறையைக் காட்டி ஒரே இழுப்பு, பல் போச்சு. பிறகு மிதவையை எடுத்துக் கூடையின் அருகே வைத்து, வாயை அகலத் திறந்து, இரண்டு கையையும் விரித்தார். கடிக்கவே வேண்டாம்! பெஞ்சிலிருந்த மற்ற நாலு பேரும் வலியை மறந்து கைதட்டினார்கள்.

ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கீழே வந்து ஆளுக்கொரு கப் வாங்கிக்கொண்டோம். பஞ்சை எடுத்ததும் அவருக்குப் பேச்சு வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. பெயர் தேசம்மா. ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர். அந்த ஓலைக் கூடைக்குப் பறி என்று பெயர். இரண்டு கையும் சேற்றில் இருக்கும் என்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் போக வேண்டும். நாளெல்லாம் கடித்துக் கடித்து முன்பல் ஆட்டம் கண்டுவிட்டது.

"நேத்து ஒன் டப்பா தண்ணில வந்துகினு இருந்துச்சி. பறிய அதுல கட்டிப் பாத்தேன். மொதல்ல அடியில துணி தொங்குதே, காலத் தடுக்குதேனு அவுத்துட்டேம்மா. காத்து அடிச்சா பறியோட ஓடிப் பூச்சி. தொரத்திப் புடிச்சி, துணியத் திரும்பக் கட்டினேன். அப்பால நாய்க்குட்டி மாரி என்கூடவே நின்னுச்சி."

ஐஸ்கிரீம் கப்பைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு தரம் பாய் இல்லாமல், ஒரு தரம் பாயோடு. நாங்கள் ஆறு மாதம் தொட்டியில் வைத்துச் செய்த சோதனையை இவர் ஒரு காலையில் முடித்திருக்கிறார்.

"எந்தப் பக்கமா போனீங்க அக்கா?" கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும்.

"மேக்கால. தண்ணிக்கு எதுருல. கூடப் போனா நாம கலக்குற சேறு நமக்கு முன்னால பூடும், எறா உஷாராயிடும். எதுருல போனா சேறு பின்னால பூடும். நேத்து வாயி வலிக்கல, அதான் பொழுது உச்சிக்கு வர்ற வரைக்கும் போய்க்கினே இருந்தேன். அப்பால பறியில மூடி வச்சி, மேல ஈரச் சாக்கப் போட்டுட்டேன். இன்னிக்கி சாக்க எடுத்துட்டு, டாக்டருக்குக் காட்டலாம்னு பறியோட எடுத்தாந்தேன்."

புள்ளி அணைந்தது அந்த ஈரச் சாக்கால்தான். ஆக, எதிர்மறைப் பாகுத்தன்மையின் பெயர் தேசம்மா.

நான் ஊருக்குக் கிளம்பும் வரை ஏழாம் எண் அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். திரும்பும் பேருந்தில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பேராசிரியர் சொன்னது போலச் சாலையை மட்டும் வெட்டிவிட்டால் போதும். தண்ணீரில் யார் இழுத்தார்கள் என்பது எனக்கும் இந்த அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். இந்த அம்மா எங்கள் ஆய்விதழ்களை வாசிக்கப் போவதில்லை. இப்படியெல்லாம் நான் யோசித்தேன். திருப்பாலைவனம் தாண்டுகிற வரைக்கும் யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நான்காம் நாள் மற்ற பதினொரு மிதவைகளையும் மறுபடி இறக்கினோம். வீங்கிய கன்னத்தோடு தேசம்மாவும் படகில் வந்தார். "மேல ஒக்காந்துகினு இன்னாத்தப் பாக்கப் போற? எறங்கு" என்றார். இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, சேறு கணுக்காலைக் கவ்வியது. என் கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் நடத்திப் போய், "இங்க நில்லு" என்றார்.

நின்றேன். இடது காலைத் தண்ணீர் கடல் பக்கம் இழுத்தது. வலது காலை ஏரிப் பக்கம் இழுத்தது. இரண்டு ஓட்டங்கள் உரசிக்கொள்ளும் கோட்டின் மேல் நான் நின்றுகொண்டிருந்தேன். இப்படி ஆயிரம் கோடுகளைத் திரையில் வரைந்திருக்கிறேன். ஒன்றுகூட என் காலைத் தொட்டதில்லை.

கோட்டோரமாக நுரை திரண்டு, சுருண்டு, தட்டளவில் சுழல்கள் பிறந்து, வாசல் கோலம் அளவுக்கு வளர்ந்தன. மூன்றாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் ஒரு சுழலில் சுற்ற, ஒன்பது இன்னொன்றில் தனியாகச் சுற்றியது. கொஞ்சம் கொஞ்சமாக இரண்டும் நெருங்கின. ஒன்றையொன்று சுற்றிவந்தன. பிறகு எப்போது என்று தெரியாமல் ஒரே சுழலாகி, மூன்று மிதவைகளும் கைகோத்தது போல ஒரே வட்டத்தில் வலம் வந்தன. நான் ஏதோ கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்று ஏழுமலையிடம் பிறகு கேட்டேன். "எனிக்கிப் புரில மேடம். அந்த ஊரு பாஷயா?" என்றார்.

படகில் ஏறி, ஈரத்தோடு பேராசிரியரை அழைத்தேன். கூட்டத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"ஏழாம் எண்ணை ஓர் அம்மா கூடையில் கட்டி இழுத்துப் போயிருக்கிறார்" என்றேன்.

"முழுவதுமா?" என்றார்.

"முழுவதும். தண்ணீரிலும்."

"அந்தப் படத்தை எடுத்துவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது?"

"இரண்டு சுழல்கள் சேர்ந்து ஒன்றானது. இப்போது பார்த்தேன். அனுப்புகிறேன்."

"அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பார்கள்."

"என்பார்கள்" என்றேன்.

பிறகு அந்த அம்மாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, இரண்டு தரமும் தவறாகச் சொல்லி, இணைப்பைத் துண்டித்தார். மாலையில் செய்தி வந்தது. இரண்டு ஆண்டு இல்லை, ஓர் ஆண்டுதான் நீட்டிப்பு. வாசித்துவிட்டு ஏழுமலை வீட்டு நண்டுக் குழம்பில் மும்முரமானேன். வருத்தம் இருந்தது. பசி அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஐந்தாம் நாள் கிளம்ப வேண்டும். கரையில் பன்னிரண்டு மிதவைகளையும் காயவைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏழாம் எண்ணைத் தேசம்மாவே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அவர் பின்னால் எட்டுப் பெண்கள், எல்லோர் கையிலும் பறி.

"இவங்களுக்கும் ஒண்ணு ஒண்ணு வோணுமாம்" என்றார் தேசம்மா.

கொடுக்க முடியாது. அவை பல்கலைக்கழகத்தின் சொத்து. பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கடைசியில் ஏழுமலைதான், "காலி எண்ணெ கேன்ல கட்டிக்கினா ஆவாதா?" என்றார்.

"அதெல்லாம் கட்டிப் பாத்தாச்சி. காத்துல ஓடிப் பூடுது, பேஜாரு" என்றாள் ஒருத்தி.

"ஓடாது" என்று நானும் தேசம்மாவும் ஒன்றாகச் சொன்னோம்.

அரிசிச் சாக்கு, பழைய புடவை, விளக்குமாற்றுக் குச்சி என்று கிடைத்ததெல்லாம் வந்தன. குச்சிகளைக் குறுக்காகக் கட்டி நான்கு பக்கமும் துணி இழுத்துத் தைக்க வேண்டும். பாய் எவ்வளவு அகலம் என்று நான் மணலில் கணக்குப் போட்டேன். என் கணக்கு முடிவதற்குள் அவர்கள் மூன்று தைத்து முடித்திருந்தார்கள். காலில் சிக்காமல் இருக்க நீளத்தை முழ அளவுக்குக் குறைத்தது தேசம்மா. அது என் கணக்கிலேயே இல்லை.

பிற்பகலில் கடல் காற்று ஏறியதும் சோதனை. பாய் கட்டாத ஒரு கேனைப் பக்கத்தில் விட்டோம். விட்ட நொடியில் அது காற்றோடு ஓட்டம் பிடித்தது. ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பாய் கட்டிய ஒன்பதும், தேசம்மாவுடையதையும் சேர்த்து, அவரவர் பறியோடு, அவரவர் பக்கத்தில், லேசாகத் தலையாட்டிக்கொண்டு நின்றன. தேசம்மா வாயைத் திறந்து சிரித்தார். முன்பல் இருந்த இடத்தில் இடைவெளி. அவர் அதை மறைக்கவில்லை.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். நடத்துநர் என் பெட்டிகளைப் பார்த்து முகத்தைச் சுளித்து, "யாரும்மா இது, இவ்ளோ லக்கேஜு?" என்று கேட்டார்.

என்னை முந்திக்கொண்டு தேசம்மா சொன்னார், பெருமையாக, பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி:

"பாத்து ஏத்திக்கோ நைனா. எங்க டப்பா மேடம்!"